ஐந்து பச்சையும் ஓர் அரை மணித்தியாலமும்

ஒக்ரோபர் பிறந்தால் ஒரு சின்ன நெருடல் வந்து ஒட்டிக்கொள்கிறது. பைதன் நிரல்மொழி ஆண்டுக்கொரு புதிய பதிப்பை வெளியிடும் மாதம் அது. நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் சிறிய நிரல்தொகுதி ஒன்று எங்களிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாவிக்கலாம். பிறந்த திகதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் அந்தக் கணத்தை உலகப் பொதுநேரத்துக்கு மாற்றி, சாதகம் கணிக்கும் செயலிகளுக்கு வேண்டிய எண்களைத் தரும். புதிய பைதன் வந்த கிழமை, தானியங்கிச் சோதனைக்கான கோப்பைத் திறந்து, அங்கே வரிசையாக நிற்கும் பதிப்பு எண்களுக்குப் பக்கத்தில் இன்னொன்றை எழுதி அனுப்பினால் போதும். எங்கோ ஒரு தேசத்துத் தரவு நிலையத்தில் வெறும் இயந்திரம் ஒன்று எழும்பி, புதிய பைதனை இறக்கி நிறுவி, எங்கள் நிரலை எடுத்து, சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சை. பிறகு அறிமுகக் கோப்பில் 'இந்தப் பதிப்பிலும் இயங்கும்' என்று சேர்த்துக்கொள்வோம். கனகராயன்குளத்தில் ஏ9 வீதிக்குப் பக்கத்தில், யாழ்ப்பாண பஸ் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும் அறையில் இருந்து நான் இதைச் செய்கிறேன். வேலை முடிந்து மடிக்கணினியை மூடிய பிறகுதான் நெருடல் தொடங்குகிறது. சிவப்பு விழுந்திருந்தால் இப்படி இராது. சிவப்புக்கு ஒரு வரி எண் இருக்கும், ஒரு முறைப்பாடு இருக்கும், திருத்திவிட்டுப் போய்ப் படுக்கலாம். இந்தப் பச்சை என்னதான் சொல்கிறது? சரி என்கிறதா, கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறதா?

எழுதிச் சேர்க்கும் அந்த ஒற்றை எண்ணே சில வேளை வம்புக்கு இழுக்கும். 2021 ஒக்ரோபரில் 3.10 வந்தபோது உலகெங்கும் ஒரே கூத்து. சோதனைக் கோப்பை எழுதும் வடிவத்துக்கு யாமல் என்று பெயர். அதில் மேற்கோள் குறி போடாமல் 3.10 என்று எழுதினால் அது தசம எண் ஆகிவிடும், தசம எண்ணின் கடைசிப் பூச்சியத்துக்குப் பெறுமதி கிடையாது, ஆகவே 3.10 சுருங்கி 3.1 ஆகும். இயந்திரம் போய் 2009இல் வெளிவந்த, எப்போதோ கைவிடப்பட்ட பைதன் 3.1ஐத் தேடி அலைந்து, இல்லையென்று கையை விரிக்கும். 3.9 வரை ஒருவருக்கும் மேற்கோள் குறி தேவைப்படவில்லை, ஆகவே பெரும்பாலானோர் போடவும் இல்லை. இரண்டு குறியோடு தீர்ந்த விடயம்தான், ஆனாலும் எனக்கு மிகப் பிடித்த பிழை இது. வயல் செய்கிறவர்களுக்கு இலக்கத்தோடு வேறு வகையான பழக்கம். பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்து நெல்லில் 300 வரிசை என்றால் மூன்று மாதம், 350 வரிசை மூன்றரை மாதம், 400 என்றால் நாலு மாதம். பிஜி 352 என்று கேட்டதுமே குளத்தில் எத்தனை அடி தண்ணீர் வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுவிடுவார்கள். புதிய இனம் வந்தால் அதையும் ஒரு துண்டில் விதைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வரம்புகளுக்குப் போவார்கள். பைதனின் இலக்கத்துக்குள் அப்படி ஒரு தகவலும் இல்லை. 3.11இலிருந்து 3.12க்குப் போவது இலகுவா வில்லங்கமா என்பதை இலக்கத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பதிப்பு வெளிவந்தால் ஐந்து ஆண்டுக்கு அதற்குத் திருத்தங்கள் வரும். அதன்பின் ஆக்கியவர்களே கைகழுவிவிடுவார்கள். 2025 ஒக்ரோபரில் 3.14 உள்ளே வந்தது, அதே மாதத்தில் 3.9 வெளியே போனது. எங்கள் அட்டவணையிலும் அதனால் எப்போதும் ஐந்து நிரைதான்: இப்போது 3.10 முதல் 3.14 வரை. மேலே ஒன்று ஏற, கீழே ஒன்று உதிரும். புதிய பதிப்புக்கு ஆதரவு என்றால் எல்லோர் கண்ணும் மேல் நிரையில்தான். அறிவிப்பும் அதற்குத்தான், நன்றியும் அதற்குத்தான். கீழ் நிரையை எடுக்கும்போது எழுதும் குறிப்பு ஒரு வரியைத் தாண்டாது. 3.8 அப்படிப் போனது 2024 ஒக்ரோபரில். விண்டோஸ் 7இல் நிறுவக்கூடிய கடைசிப் பைதன் அதுதான், 3.9ஐ அந்தக் கணினிகள் ஏற்காது. விண்டோஸ் 7ஐ மைக்ரோசொஃப்ற்றே 2020 சனவரியில் கைவிட்டாயிற்று, பாதுகாப்பில்லாத கணினியை வைத்திருப்பவர்களுக்காக நீ ஏன் மாரடிக்கிறாய் என்று கேட்கலாம். கேட்கிறார்கள். ஆனால் உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் இருக்கிறது. அதைப் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் வீட்டில் கணினி இல்லை. தகரக் கூரை போட்ட ரியூசன் கொட்டில்களில், கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். விசைப்பலகையில் எழுத்துகள் தேய்ந்து போயிருக்கும், மின்விசிறிக்குள் செம்மண், திரையை உயிர்ப்பித்தால் அதே நீலப் பின்னணியும் நாலு நிறச் சின்னமும். அங்கிருந்து ஒரு பிள்ளை எங்கள் தொகுதியை இறக்கினால் ஒன்றும் வெடித்துவிடாது. பைதனின் நிறுவிக்கு விவரம் தெரியும், 3.8க்குப் பொருந்திய எங்கள் கடைசி வெளியீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு நாங்கள் திருத்திய எதுவும் அந்தப் பிள்ளையிடம் போகாது, அவ்வளவுதான். பிழைச் செய்திகூட வராது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கதவைச் சாத்தியவர்களுக்கும் சத்தம் கேட்கவில்லை, வெளியே நின்றவருக்கும் கேட்கவில்லை.

நிரையை எடுத்ததற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதி, எந்தப் பதிப்பென்று பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யும் வரிகள் நிரலுக்குள் புற்றுப் போலப் பெருகும். சும்மா கிடைக்கும் நேரத்தில் இதைச் செய்பவர்கள் எத்தனை நாளைக்குத்தான் இரண்டு வீட்டுக்கு உலை வைப்பது? அத்தோடு புதிய பதிப்பு பெரும்பாலும் எங்கள் நிரலை உடைப்பதே இல்லை, சோதனையைத்தான் உடைக்கிறது. பைதனோடு வரும் சோதனைக் கருவியில் இரு விடைகளை ஒப்பிடுவதற்கு 'அசேர்ட் ஈக்குவல்' என்று ஒன்று உண்டு. அதற்கே கடைசியில் ஒரு 'ஸ்' ஒட்டிய பழைய பெயரும் நெடுநாள் இருந்தது. 3.12இல் அந்தப் பழைய பெயரை எடுத்துவிட்டார்கள். நிரல் ஒழுங்கு, விடை ஒழுங்கு, ஒப்பிடும் கோல் மட்டும் காணாமல் போய், திரை முழுக்கச் சிவப்பு. இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. மே மாதமே அடுத்த பதிப்பின் பீற்றா வந்துவிடும். அதையும் ஒரு நிரையாகச் சேர்த்து, 'இது தோற்றாலும் பரவாயில்லை' என்று பக்கத்தில் குறித்துவிடலாம். அந்த நிரை தோற்றுக் கிடந்தாலும் மொத்தத்தில் பச்சைதான் காட்டும். மொழியை ஆக்குபவர்களுக்கு அது பெரிய உபகாரம், முன்கூட்டியே பிழை பிடிபடும். ஆனால் பச்சையைப் பார்த்து நம்பி வருகிறவருக்கு அதற்குள் என்னென்ன மன்னிப்புகள் அடங்கியிருக்கின்றன என்று எப்படித் தெரியும்?

பதிப்பு மாறியபோது கேள்வியே மாறிய காலமும் ஒன்று இருந்தது. 'அம்மா' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் பைதன் 2 பெரும்பாலான கணினிகளில் 15 என்றது. அது எண்ணியது பைற்றுகளை. பைதன் 3 அதையே 5 என்கிறது; அ, ம, புள்ளி, ம, அரவு என்று யுனிகோட் குறிகளை எண்ணுகிறது. முதலாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். முத்தையா அண்ணாமலையும் கூட்டாளிகளும் ஆக்கிய ஓப்பன் தமிழ் என்ற தொகுதி அந்தப் பிள்ளையின் விடையைக் கணினியிடம் இருந்து வாங்கித் தருவது; அது இரண்டு பைதனிலும் ஓடும்படி எழுதப்பட்டிருந்தது. அப்படியான இடத்தில் இரண்டு நிரை வைத்துச் சோதித்ததில் பொருள் இருந்தது, ஏனென்றால் ஒரே கேள்விக்கு இரண்டு மொழிகளும் உண்மையிலேயே வெவ்வேறு மறுமொழி சொல்லின. பைதன் 3.0 வெளியானது 2008 டிசம்பர் 3இல். அந்த நாட்களில் கனகராயன்குளத்தில் சனம் இல்லை. கட்டின மூட்டையோடு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பைதன் 2 முறைப்படி ஓய்ந்தது 2020 சனவரி 1இல். இந்த இடைவெளியில் ஊர் திரும்பி வந்து, கொட்டில் போட்டு, பிறகு கல்வீடு கட்டி, மின்கம்பம் நட்டு, கைபேசிக் கோபுரமும் எழும்பியாயிற்று. ஒரு மொழியின் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகப் பதினொரு ஆண்டு ஆனதைப் பெரிய இழுபறி என்று சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு நீளமாகத் தெரிவதில்லை.

ஐந்து நிரை ஓட ஐந்து இயந்திரம் வேண்டும். லினக்ஸ், விண்டோஸ், மாக் என்று பெருக்கினால் 15. இதற்கு ஒருவரும் எங்களிடம் காசு கேட்பதில்லை. ட்ராவிஸ் என்ற சேவை பல வருடம் திறந்த மூலத் திட்டங்களுக்கு இதை இலவசமாகச் செய்தது. 2020 கடைசியில் அந்தத் தாராளத்தைச் சுருக்கி, 2021 நடுப்பகுதியில் பழைய தளத்தை மூடியது. சிறிய திட்டங்கள் பலவும் சாமான் சட்டியோடு கிற்ஹப்பின் இயந்திரங்களுக்குக் குடிபெயர்ந்தன. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கைபேசி இணையத்தில் மாற்றத்தை அனுப்பிவிட்டு, மடிக்கணினியின் கடைசிச் சொட்டு மின்கலத்தையும் மிச்சம் பிடிப்பதற்காக மூடிவிட்டு, இருட்டில் நுளம்பு அடித்துக்கொண்டு இருப்போம். எங்கள் 15 இயந்திரங்களும் எங்கோ வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும். டீசலுக்கு வரிசையில் நிற்கும் நாட்டிலிருந்து, ஒரு புள்ளியை மாற்றியதற்காக 15 இயந்திரத்தை எழுப்பிவிடுகிறோமே என்று அப்போது கூச்சமாகக்கூட இருந்தது. கூச்சப்பட்டு என்ன, நிறுத்தவில்லை.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற கதை இந்த ஊருக்கு வேறொரு விதத்திலும் வந்து சேர்ந்தது. 1996இல் மழை பொய்த்து மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பாவிக்கலாம் என்று அரசு மே 25இல் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருந்த இலங்கை ஆறரைக்குப் போனது. ஒக்ரோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்து ஆறில் நிறுத்தினார்கள். அதிலேயே ஒன்பது வருடத்துக்கு மேல் ஓடி, 2006 ஏப்ரல் 15இல், சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, பழையபடி ஐந்தரைக்கு வந்தது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அவர்கள் கையில் இருந்த வன்னியில் மணிக்கூடு ஐந்தரையிலேயே நின்றது. குப்பி விளக்கும், றேடியோ கேட்பதற்காகத் தலைகீழாக நிறுத்தி மிதித்த சைக்கிள் டைனமோவுமாக இருந்த இடம் இது. மிச்சம் பிடிக்க இங்கே கம்பியில் மின்சாரமே வரவில்லை. 2002இல் பாதை திறந்த பிறகு ஓமந்தையில் இராணுவத்தின் சாவடி, நடுவில் செஞ்சிலுவைக் கொடி, புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. தெற்கே இருந்து வருகிறவர்கள் அந்தச் சூனியப் பகுதியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். புளியங்குளத்துக்கு அடுத்ததாக வருவது கனகராயன்குளம். நாலு மணிக்கு வாறன் என்று ஒருவர் சொன்னால் 'பழைய நேரமோ புது நேரமோ' என்று கேட்பது பண்போடு சேர்ந்த கேள்வியாகவே இருந்தது.

உலகத்துக் கணினிகளும் கைபேசிகளும் நேர வலயங்களுக்காக நம்பியிருக்கும் தரவுத்தொகுதி ஒன்று உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, போல் எகர்ட் பராமரித்து வருவது. இலங்கை முழுவதற்கும் அதில் ஒரே வலயம், 'ஏசியா/கொழும்பு'. 1996இன் இரண்டு மாற்றமும் 2006இன் மாற்றமும் நிமிடம் பிசகாமல் அங்கே இருக்கின்றன. வன்னியின் அரை மணித்தியாலமும் இல்லாமல் போகவில்லை. புலிகள் மாற்றத்தை ஏற்கவில்லை என்ற செய்தியும், தமிழர் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் இருப்பவர்கள் கொல்கத்தா வலயத்தைப் பாவிக்கலாம், 1970 தொட்டு அந்த வலயமும் அந்தப் பகுதிகளும் ஒத்தே போகின்றன என்ற பொருளில் எகர்ட் 2006 ஏப்ரலில் எழுதிய குறிப்பும் இருக்கின்றன. ஆனால் அவை கருத்துரை வரிகளில் இருக்கின்றன. மனிதர் வாசிப்பதற்காக எழுதி, இயந்திரம் தாண்டிப் போகும் வரிகள். எகர்ட் எழுதியதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தத் தொகுதியின் விதிப்படி அது முற்றிலும் சரி, இவ்வளவு தூரம் யோசித்து எழுதி வைத்ததே பெரிய காரியம். நிரல் ஒருபோதும் திறந்து பாராத இடத்தில்தான் ஊரின் பத்து வருடம் பத்திரமாக இருக்கிறது என்பதை மட்டும் என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

3.9 வந்தபோதுதான் எங்கள் தொகுதியில் ஆகப் பெரிய மாற்றம் நடந்தது. நேர வலயங்களைக் கையாளும் 'சோன்இன்ஃபோ' என்ற பகுதி அந்தப் பதிப்பில்தான் பைதனுக்குள் வந்தது. அதற்கு முன் பாவித்த வெளித்தொகுதியில் கொழும்பு வலயத்தைக் கவனமில்லாமல் நேரே ஒட்டினால், கிறீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் முன்னால் என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் உள்ளூர்ச் சூரிய நேரத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். சோன்இன்ஃபோ அந்தத் தலையிடியை ஒழித்தது. புதிதாக ஒன்றைத் தந்தது: விண்டோஸில் அந்தத் தரவுத்தொகுதி இல்லை, தனியாக நிறுவ வேண்டும், லினக்ஸ் நிரையெல்லாம் பச்சையாக இருக்க விண்டோஸ் நிரை வலயத்தையே காணவில்லை என்று அழுதது. அதையும் சரிக்கட்டினோம். அப்படிப் பாடுபட்டு அடைந்தது என்னவென்றால், கொழும்பின் நேரம் மூன்று இயங்குதளத்திலும் எல்லாப் பதிப்பிலும் துல்லியம். 2001இல் கனகராயன்குளத்தில் காலை 6:10க்குப் பிறந்த ஒருவரின் கணத்தை எங்கள் நிரல் 00:10 என்று 15 இயந்திரத்திலும் ஒரே குரலில் சொல்லும். ஊர் மணிக்கூட்டின்படி அது 00:40. வானம் மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அரை மணித்தியாலத்தில் ஏழரைப் பாகை. ஒரு ராசி 30 பாகை. ஆகவே சராசரியாக நாலு சாதகத்தில் ஒன்றுக்கு லக்கினமே வேறு. சாதகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விடயம், அதை என் வீட்டிலேயே நான் முழுதாகச் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கங்கள் வாக்கியமா திருக்கணிதமா என்று முட்டிக்கொள்வதுகூடக் கணக்குப் போடும் வழியைப் பற்றியது. இங்கே கணக்குக்குள் போகும் எண்ணே வேறு ஊருடையது. 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு இப்போது இருபதிலிருந்து முப்பது வயது. பொருத்தம் பார்க்கிற வயது.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவன் எங்களோடு சேர்ந்து இதைப் பார்க்கிறான். 3.14ஐச் சேர்த்த இரவு அவன்தான் அழைத்தான். "அண்ணை, அஞ்சிலயும் பச்சை. வெளியில விடுவமே?" பொறு, இந்த அரை மணித்தியாலத்துக்கு ஒரு சோதனை எழுதிப்போட்டு விடுவம் என்றேன். கெட்டிக்காரன், உடனே வழி சொன்னான்: "அப்ப வன்னி ஊருகளுக்குக் கொல்கத்தா எண்டு போட்டிட்டாச் சரிதானே." எந்த ஊருகளுக்கு, எந்தத் திகதி தொட்டு எந்தத் திகதி மட்டும் என்று கேட்டேன். இந்த ஊரையே எடுத்துக்கொள்ளலாம். ஜெயசிக்குறு படைநடவடிக்கையில் இராணுவம் ஏ9 வழியே ஏறி வந்து இதைப் பிடித்து வைத்திருந்தது. 1999 நவம்பரில் சில நாளுக்குள் புலிகள் திரும்பப் பிடித்தார்கள். இடையில் இங்கே யாருடைய நேரம்? சனம் மல்லாவிப் பக்கமும் புதுக்குடியிருப்புப் பக்கமும் மரங்களுக்குக் கீழே இருந்தது. ஊரின் பெயர் குடும்ப அட்டையிலும் ஆட்கள் வேறிடத்திலும். நேர வலயம் என்பது நிலத்தின் குணம் என்று தரவுத்தொகுதி எடுத்துக்கொள்கிறது. இங்கே அது துவக்கோடு நகர்ந்தது. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணை, இதுக்கு ரெஸ்ற் எழுதேலாது. சரியான விடை என்னெண்டு தெரிஞ்சால்தானே ரெஸ்ற்" என்றான்.

அவன் சொன்னது என் நெருடலின் அடிவேரைத் தொட்டது. அட்டவணையில் பதிப்புக்கு ஒரு பக்கம், இயங்குதளத்துக்கு ஒரு பக்கம். இரண்டுமே யாரோ வெளியிட்டு, இலக்கம் இட்டு, திகதி சொல்லி, இத்தனை ஆண்டு செல்லும் என்று உத்தரவாதம் கொடுத்தவை. அவற்றைச் சேர்ப்பது இலகு என்பதால்தான் சேர்க்கிறோமோ என்று இருக்கிறது. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் அதே கேள்விகளைக் கொண்டுபோய் இன்னொரு புதிய பைதனிடம் கேட்கிறோம். அது அதே விடையைச் சொன்னதும் ஆதரவு என்று பெயர் வைக்கிறோம். கேள்விகளின் பட்டியலுக்கு ஒக்ரோபர் கிடையாது. அதைக் கூட்டச் சொல்லி ஒருவரும் அறிவித்தல் அனுப்புவதில்லை. ஐந்து நிரை ஐம்பது நிரை ஆனாலும் ஏசியா/கொழும்பு என்று ஒரே கதைதான் வரும். எல்லா இயந்திரமும் ஒத்துச் சொல்வதால் அது இன்னும் உண்மை போலத் தோன்றும். மறுபக்கமும் இருக்கிறது. ஊருக்கு ஊர் இப்படித் தோண்டத் தொடங்கினால் நாலைந்து பேர் பராமரிக்கும் தொகுதி ஒருநாளும் வெளியே வராது. புதிய பைதனில் ஓடாத நிரலை ஒருவரும் பாவிக்கவும் மாட்டார்கள், அப்போது அந்த அரை மணித்தியாலம் யாருக்கு உதவும்? இந்த இரண்டுக்கும் நடுவில் இத்தனை வருடம் நின்றும் எந்தப் பக்கம் கால் வைப்பதென்று எனக்குத் தெளிவில்லை. 3.14ஐச் சேர்த்து வெளியே விட்டோம். அதை நிறுத்திவைத்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

தம்பி அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போன இடத்தில் தன் பெரியம்மாவிடம், மூத்த அண்ணன் பிறந்த நேரம் பழையதோ புதியதோ என்று கேட்டிருக்கிறான். அந்த மனிசி நேரமே சொல்லவில்லை. "தமிழோசை தொடங்கிற பாட்டுப் போகேக்க பிள்ளை அழுதிட்டுது" என்றாராம். பிபிசியின் தமிழோசை வன்னி மணிக்கூட்டில் இரவு 9:15க்கு வந்தது; கொழும்பு மணிக்கூட்டில் அதே ஒலி அந்த வருடங்களில் 9:45. லண்டனிலிருந்து கிளம்பியது உலகப் பொதுநேரம் 15:45க்கு. எந்தச் சாவடியில் யார் நின்றாலும், எவர் கையில் எந்த ஊர் இருந்தாலும் 15:45. இப்போது எங்கள் தொகுதியில் ஊர் நேரத்துக்குப் பதிலாக இப்படியொரு வானொலி அடையாளத்தையும் கொடுக்கலாம். தம்பிதான் எழுதினான், பெரியம்மாவின் வாக்கியத்தையே சோதனையின் பெயராக வைத்திருக்கிறான். புது நேரமா பழைய நேரமா என்று தெரிவு கேட்கும் பெட்டியைச் சேர்ப்பதா, சேர்த்தால் ஒன்றும் தெரியாதவருக்கு எதை முன்னிருப்பாக வைப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் இணக்கம் இல்லை. அவன் கொழும்பு என்கிறான், நான் வெறுமையாக விட்டு ஆளைக் கேட்க வேண்டும் என்கிறேன். தமிழோசைச் சோதனை மட்டும் 3.10இலிருந்து 3.14 வரை ஐந்திலும் பச்சை. வலயத் தரவு ஒன்றும் அதற்குத் தேவையில்லை, ஆகவே 3.8இலும் ஓடும், அந்த நிரையைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோம்.